சூட்டில் பிரியும் டி.என்.ஏ.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.என்.ஏ. கரைசலை ஒரு குழாயில் எடுத்துச் சூடேற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதன் இரட்டைச் சுருள் அவிழ்ந்து இரண்டு தனி இழைகளாகிவிடும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் சங்கதி. அந்த இரண்டு வரியில் ஒரு வரி பாதிதான் உண்மை என்பதால், மாணவர்களும் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

'டி.என்.ஏ. உருகுகிறது' என்றால் மெழுகு மாதிரி உருகுமா?

இல்லை. அது ஏற்கெனவே நீரில் கரைந்துதான் இருக்கிறது, புதிதாகத் திரவமாக ஒன்றுமில்லை. சூட்டில் பிரிவதை 'உருகுதல்' என்று சொல்லும் வழக்கம் வந்ததற்குக் காரணம், அது நடக்கும் விதம். பனிக்கட்டி பூஜ்யம் டிகிரி வரை கட்டியாகவே இருந்து அங்கே சட்டென்று மாறுகிற மாதிரி, டி.என்.ஏ.வும் நெடுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, சில டிகிரிகளுக்குள் மொத்தமாக அவிழும். ஒற்றுமை அவ்வளவுதான். 'இயல்பிழத்தல்' என்ற இன்னொரு பெயரும் உண்டு. அது புரதங்களுக்குச் சொல்லப்படுவது. டி.என்.ஏ.வோ குளிரவைத்தால் பெரும்பாலும் பழைய இயல்புக்கே திரும்பிவிடுவதால், அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

எது விடுபடுகிறது, எது அப்படியே இருக்கிறது?

இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரியும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி. இந்தக் கோர்வை சகப்பிணைப்பால் ஆனது, கொதிக்கும் நீருக்கெல்லாம் சட்டென்று அசைந்து கொடுக்காது. புரிகளின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பவை நான்கு வகைக் காரங்கள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். எதிரெதிர் இழைகளில் அடினைனுக்கு நேரே தைமினும், குவானைனுக்கு நேரே சைட்டோசினும் இருக்கும். சுருக்கமாக ஏ-டி, ஜி-சி என்போம். இந்த இணைகளுக்கு நடுவில் இருக்கும் பிடிப்பும், காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் நெருக்கமும்தான் சூட்டில் விடுபடுகின்றன. புரி பிரிகிறது, புரி அறுவதில்லை. எழுத்துகளின் வரிசை அப்படியே பத்திரமாக இருக்கும்.

ஏ-டிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி-சிக்கு மூன்று. அதனால்தான் ஜி-சி அதிகமுள்ள டி.என்.ஏ. பிரிய அதிகச் சூடு வேண்டும். சரிதானே?

முடிவு சரி, காரணம் பாதிதான் சரி. நான் சொன்ன அந்தப் பாதி உண்மை வரி இதுதான்.

யோசித்துப் பாருங்கள். இந்த மூலக்கூறு நீரில் மிதக்கிறது. இழைகள் பிரிந்தால், இணையை இழந்த காரம் சும்மா நிற்காது. உடனே சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பிடிப்பது போல. கணக்குப் பார்த்தால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அப்படியானால் சுருளைச் சேர்த்து வைத்திருப்பது எது?

அடுக்குதான். காரங்கள் தட்டையான வளையங்கள். சுருளுக்குள் அவை நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, ஒன்றுக்கொன்று 0.34 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. அடுத்தடுத்த தட்டுகளுக்கு நடுவே நீர் நுழைய இடமில்லை. இந்த நெருக்கத்தில் வரும் ஈர்ப்புதான் சுருளின் உறுதிக்குப் பெரும்பங்கு தருகிறது. யாகோவ்சுக், புரோட்டோசனோவா, ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அடுக்கின் பங்கையும் இணைப்பின் பங்கையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, ஜி-சி இணைப்பு உறுதிக்கு ஏறக்குறைய ஒன்றுமே சேர்க்கவில்லை, ஏ-டி இணைப்போ உறுதியைச் சற்றுக் குறைக்கவே செய்தது.

அப்புறம் ஏன் ஜி-சி அதிகமானால் உருகுநிலை ஏறுகிறது? ஜி-சி இணைகள் கலந்த அடுக்குகள் ஏ-டி அடுக்குகளைவிட இறுக்கமானவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் வேலையே இல்லாதவை என்று இதற்கு அர்த்தமில்லை. யாருக்கு யார் ஜோடி என்று தீர்மானிப்பது அவைதான். ஜோடியைச் சேர்ப்பது ஒருவர், குடும்பத்தைத் தாங்குவது இன்னொருவர்.

சரி, எத்தனை டிகிரியில் பிரியும்?

'எந்த டி.என்.ஏ., எந்த நீரில்?' என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உருகுநிலை என்பது டி.என்.ஏ.வுக்கு மட்டும் சொந்தமான எண் அல்ல. அது மிதக்கும் கரைசலுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு. புத்தகத்தில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் குழாயில் அது வரவில்லையே என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

பாதி அவிழ்ந்து பாதி அவிழாமல் இருக்கும் வெப்பநிலையை உருகுநிலை என்று வைத்துக்கொள்கிறோம். நீளமான டி.என்.ஏ.வுக்கு மார்மரும் டோட்டியும் 1962-ல் ஓர் எளிய சமன்பாடு கொடுத்தார்கள்:

உருகுநிலை = 69.3 + 0.41 × (ஜி-சி சதவீதம்)

இது லிட்டருக்கு சுமார் 0.2 மோல் சோடியம் உள்ள ஒரு குறிப்பிட்ட உப்புக் கரைசலுக்கு. ஜி-சி 50 சதவீதம் என்றால் 69.3 + 20.5, அதாவது 89.8 டிகிரி செல்சியஸ். ஈ. கோலை பாக்டீரியா கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். மனித டி.என்.ஏ.வில் ஜி-சி சுமார் 41 சதவீதம், ஆகவே 86 டிகிரி அளவில் வரும்.

உப்புக்கு இதில் என்ன வேலை?

நிறைய. பாஸ்பேட் ஒவ்வொன்றும் எதிர்மின்னூட்டம் கொண்டது. அப்படி ஆயிரக்கணக்கான எதிர்மின்னூட்டங்கள் வரிசையாக உள்ள இரண்டு சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தள்ளத்தானே செய்யும்? நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அயனிகள் சுருளைச் சூழ்ந்து நின்று இந்தத் தள்ளுமுள்ளைத் தணிக்கின்றன. உப்பைக் குறைத்தால் தணிப்பதற்கு ஆளில்லை, இழைகள் சீக்கிரமே பிரியும். தோராயமாகச் சொன்னால், சோடியத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் உருகுநிலை 16 அல்லது 17 டிகிரி இறங்கும். மேலே சொன்ன ஈ. கோலையின் 89.8 அப்போது 73-க்குப் போய்விடும். அதே டி.என்.ஏ., அதே எழுத்துகள், மாறியது நீர் மட்டும்தான். மக்னீசியம் இரட்டை மின்னூட்டம் கொண்டதால் மிகக் குறைந்த அளவிலேயே சோடியத்தைவிட நன்றாகத் தாங்கும்.

உப்பே சேர்க்காத சுத்த நீரில் குட்டை டி.என்.ஏ.வைக் கரைத்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இரட்டை இழை என்று நம்பி எடுத்துப் பயன்படுத்துவது பாதிக்கு மேல் ஒற்றை இழையாகிக் கிடக்கலாம்.

ஒரு முனையிலிருந்து வரிசையாக அவிழுமா, எல்லா இடத்திலும் ஒன்றாகவா?

நீளமான மூலக்கூறு என்றால் இரண்டும் இல்லை. முதலில் ஏ-டி செறிந்த பகுதிகள் நடுவிலேயே குமிழ் மாதிரி திறக்கும். முனைகளும் இழைபிரிந்து ஆடும். குமிழின் ஓரத்தில் இருக்கும் காரத்துக்கு ஒரு பக்கம் அடுக்குத் துணை போய்விட்டதல்லவா? அதனால் அது எளிதில் நழுவும், அதற்கடுத்ததும் அப்படியே. அடுக்கி வைத்த தட்டுகள் ஒன்றுக்கொன்று துணை என்பதால், சரியும்போதும் சேர்ந்தே சரிகின்றன. சில டிகிரிகளுக்குள் மாற்றம் முடிந்துவிடுவது இதனால்தான். கடைசியாகப் பிடித்துக்கொண்டிருப்பவை ஜி-சி தீவுகள்.

இருபது எழுத்துத் துண்டுக்கு இந்த நடுநிலையெல்லாம் கிடையாது. இருந்தால் முழுச் சுருள், இல்லாவிட்டால் இரண்டு தனி இழை. ஆகவே நீண்ட டி.என்.ஏ.வில் 'பாதி உருகியது' என்றால் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி திறந்திருக்கிறது என்றும், குட்டைத் துண்டில் மூலக்கூறுகளில் பாதி முழுசாகப் பிரிந்துவிட்டன என்றும் படிக்க வேண்டும். குட்டைத் துண்டின் உருகுநிலை அதன் செறிவையும் பொறுத்தது. பிரிந்தவை திரும்பச் சந்திக்க வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வி அங்கே நுழைந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்தச் சமாசாரம் நடந்தது என்று எப்படித் தெரியும்?

புற ஊதா ஒளி காட்டிக்கொடுக்கும். காரங்கள் 260 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆனால் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்போது ஒன்றின் மின்னணுக்கள் மற்றதைப் பாதிப்பதால் உறிஞ்சும் அளவு குறைந்திருக்கும். அடுக்கு கலைந்ததும் அது சுமார் 40 சதவீதம் வரை கூடும். ஒரு மில்லிலிட்டரில் 50 மைக்ரோகிராம் இரட்டை இழை டி.என்.ஏ. இருந்தால் கருவியில் உறிஞ்சல் அளவு 1.0 காட்டும். அதே குழாய் முழுக்க உருகிய பின் 1.4-ஐ நெருங்கும்.

திரையில் பார்க்க இது அலுக்காத காட்சி. 50 டிகிரியில் உறிஞ்சலைக் காட்டும் கோடு படுத்தே கிடக்கிறது. 60, 70, அசைவில்லை. கருவி பழுதோ என்று தோன்றும். 80-ஐத் தாண்டியதும் கோடு லேசாகத் தலை தூக்குகிறது. பிறகு ஐந்தாறு டிகிரிக்குள் செங்குத்தாக ஏறி, மேலே போய் மறுபடி சமதளமாகிவிடுகிறது. ஏற்றத்தின் நடுப்புள்ளிதான் உருகுநிலை.

முதன்முதலில் நான் எடுத்த கோட்டில் 70 டிகிரிக்கு மேல் கன்னாபின்னாவென்று முட்கள். புது அறிவியல் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு மதியம் முழுக்க மிதந்தேன். கரைசலில் கரைந்திருந்த காற்று சூட்டில் குமிழாக வெளிவந்து ஒளியைச் சிதறடித்திருக்கிறது, அவ்வளவுதான். கரைசலில் இருந்து காற்றை முதலிலேயே நீக்கிவிட்டு, குவெட்டின் (கரைசலைக் கருவியில் வைக்கும் சிறு குப்பி) வாயை இறுக்கமாக மூடுங்கள். மூடாவிட்டால் நீர் ஆவியாகி, உருகாமலேயே கோடு ஏறும்.

பிரைமர் (புது இழை எழுதத் தொடங்கும் இடத்தில் ஒட்டும் குட்டை ஒற்றை இழை) போன்ற குட்டைத் துண்டுகளுக்குக் கையால் கணக்கிட வழி உண்டா?

உண்டு. ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரி போட்டுக் கூட்டுங்கள். வாலஸ் விதி என்பார்கள். ஓர் உதாரணம்:

ஜி சி ஏ டி ஜி ஜி சி டி ஏ சி ஜி டி டி சி ஏ ஜி சி ஏ

மொத்தம் 18 எழுத்து. ஏ-யும் டி-யும் சேர்ந்து 8, ஜி-யும் சி-யும் சேர்ந்து 10. ஆக 16 + 40 = 56 டிகிரி.

இது உப்பு நிறைய உள்ள கரைசலுக்கான தோராயம். இருபது எழுத்தைத் தாண்டினால் நம்ப வேண்டாம். இதன் பெரிய குறை, எழுத்துகளை எண்ணுகிறதே தவிர எது பக்கத்தில் எது என்று பார்ப்பதில்லை. உறுதி அடுக்கில் இருக்கிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதுதானே முக்கியம்? இன்றைய மென்பொருள்கள் அப்படித்தான் கணக்கிடுகின்றன. அடுத்தடுத்த இணைகள் 10 விதமாக அமையலாம். ஒவ்வொன்றுக்கும் அளந்து வைத்த ஆற்றல் மதிப்புகளைக் கூட்டி, உப்பையும் செறிவையும் சேர்த்து விடை தருவார்கள். மென்பொருளின் உள்ளீட்டுப் பெட்டிகளில் உங்கள் பஃபர் கரைசலின் உண்மையான உப்பளவை இடாமல் ஏற்கெனவே இருக்கும் எண்ணையே விட்டுவிட்டால் வரும் விடை வேறு யாருடைய குழாய்க்கோ உரியது.

குளிரவைத்தால் மறுபடி சேருமா?

சேரும். மார்மரும் டோட்டியும் அவர்களுடைய குழுவினரும் 1960-ல் இதைக் காட்டியபோது பலருக்கு ஆச்சரியம். லட்சக்கணக்கான எழுத்துகள் கொண்ட இழை, தன் ஜோடியைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து வரிசை பிசகாமல் ஒட்டிக்கொள்கிறது என்றால் சும்மாவா?

எவ்வளவு வேகமாகக் குளிரவைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொதித்த குழாயைச் சட்டென்று பனிக்கட்டியில் செருகினால், இழைகள் ஜோடியைத் தேட நேரமில்லாமல் தமக்குள்ளேயே அங்கங்கே மடிந்து ஒற்றையாகவே நின்றுவிடும். மெதுவாக இறக்கினால் தப்பாக ஒட்டியவை பிரிந்து, சரியானதைத் தேடிக்கொள்ளும். உருகுநிலைக்கு 20 முதல் 25 டிகிரி கீழே வைத்திருந்தால் சேர்க்கை வேகமாக நடக்கும்.

ஒரே எழுத்துவரிசை பல பிரதிகளாக இருந்தால் ஜோடி சீக்கிரம் கிடைக்கும். இதைப் பிடித்துக்கொண்டுதான் பிரிட்டனும் கோனும் 1968-ல், உயர் உயிரினங்களின் டி.என்.ஏ.வில் ஒரே வரிசை ஆயிரக்கணக்கான, சில இடங்களில் லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டார்கள். எழுத்துவரிசையைப் படிக்கும் முறைகள் வருவதற்கு முன்பே, வெறுமனே உருக்கிச் சேரவிட்டு நேரம் பார்த்ததில் கிடைத்த கண்டுபிடிப்பு.

முனையே இல்லாத வட்ட டி.என்.ஏ. என்ன செய்யும்?

மாட்டிக்கொள்ளும். பாக்டீரியாவில் இருக்கும் சிறு வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிட் போன்ற மூடிய வட்டத்தில் இரண்டு இழைகளும் சங்கிலிக் கண்ணிகள் மாதிரி ஒன்றையொன்று சுற்றிப் பின்னியவை. ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 இணை என்றால், 3,000 இணை உள்ள பிளாஸ்மிட்டில் ஏறக்குறைய 280 சுற்று. இணைகள் எல்லாம் விட்டுப்போனாலும் இழைகள் விலகிப் போக முடியாது. நிலைமை சீரானதும் நொடியில் பழையபடி சேர்ந்துகொள்ளும். பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் பிரித்தெடுக்கும் காரமுறை (பி.எச்.சை ஏற்றி இழைகளைப் பிரித்து, பிறகு இறக்கும் முறை) இந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது: துண்டுபட்ட பெரிய டி.என்.ஏ. சரியாகச் சேர முடியாமல் சிக்கலாகி வீழ்படிவாகும், பிளாஸ்மிட் சமத்தாகக் கரைசலில் நிற்கும்.

பி.சி.ஆரில் இதற்கு என்ன பங்கு?

ஒரு டி.என்.ஏ. துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் முறைதான் பி.சி.ஆர். அதன் அடித்தளமே இதுதான். 94 முதல் 98 டிகிரியில் இழைகளைப் பிரிப்பது, 50 முதல் 65 டிகிரிக்கு இறக்கிப் பிரைமரை ஒட்டவிடுவது, 72 டிகிரியில் நொதியை விட்டுப் புது இழை எழுதவைப்பது. இதையே 30 சுற்று செய்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகும்.

கேரி முல்லிஸ் இந்த யோசனைக்கு வந்தது 1983-ல். வேதியியல் நோபல் 1993-ல் வந்தது. தொடக்கத்தில் ஒரு தலைவலி இருந்தது. டி.என்.ஏ.வைப் பிரிக்கும் சூடு நொதியையும் கொன்றுவிடும், ஒவ்வொரு சுற்றிலும் குழாயைத் திறந்து புதிதாக நொதி ஊற்ற வேண்டும். தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டு 1969-ல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதிதான் அந்தத் தலைவலியைத் தீர்த்தது. டாக் பாலிமரேஸ் என்று இன்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

கடும் காய்ச்சலில் நம் டி.என்.ஏ. பிரிந்துவிடுமா?

விடாது. 42 டிகிரிக்கும் 86 டிகிரிக்கும் நடுவே ரொம்ப தூரம். அதற்கு வெகு முன்பே புரதங்கள் கைவிட்டுவிடும்.

அப்படியானால் 37 டிகிரியில் செல் எப்படி இழைகளைப் பிரிக்கிறது?

சூட்டுக்குப் பதில் எரிபொருள் செலவழித்து. ஹெலிகேஸ் என்ற வளைய வடிவ நொதி ஓர் இழையைச் சுற்றிப் பிடித்து, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்தபடி முன்னேறி, மற்ற இழையை ஒதுக்கித் தள்ளுகிறது. ஈ. கோலையில் நொடிக்குச் சுமார் 1,000 இணை. சுற்றுக்கணக்கில் நொடிக்கு நூறு முறுக்கு பிரிகிறது, முன்னால் சேரும் இறுக்கத்தைத் தளர்த்த வேறு நொதிகள் வேண்டும். பிரிக்கத் தொடங்கும் இடம் ஏ-டி செறிந்த பகுதியாக இருப்பது தற்செயல் இல்லை. சூட்டில் எங்கே முதலில் குமிழ் விடுமோ, செல்லும் அங்கேதான் கைவைக்கிறது.

கொதிநீரில் வாழும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ. ஏன் பிரிவதில்லை?

'ஜி-சி நிறைய இருக்கும்' என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் பதில். தப்பு. பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் 100 டிகிரியில் செழிக்கும். அதன் ஜி-சி சுமார் 41 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நம் அளவுதான். சமன்பாட்டை நம்பினால் 86 டிகிரியிலேயே அதன் கதை முடிந்திருக்க வேண்டும். மெத்தனோபைரஸ் காண்ட்லெரி 122 டிகிரியில்கூட வளர்ந்து காட்டியிருக்கிறது.

பிழைக்கும் வழி மறுபடியும் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. செல்லுக்குள் உப்பு அதிகம், பல நேர்மின்னூட்டங்கள் கொண்ட பாலிஅமீன்கள் உண்டு, டி.என்.ஏ.வைச் சுற்றிக்கொள்ளும் புரதங்களும் உண்டு. அதற்குமேல் டி.என்.ஏ. மூடிய வட்டமாக இருப்பதால் முழுதாக அவிழ வழியில்லை. ரிவர்ஸ் கைரேஸ் என்ற நொதி சுருளைக் கூடுதலாக முறுக்கி வைக்கிறது, இந்தக் கடும்வெப்ப உயிர்களின் அடையாளமாகவே அந்த நொதியைச் சொல்வார்கள்.

சூடே இல்லாமல் பிரிக்க முடியுமா?

முடியும். பி.எச். 12 அளவுக்குக் காரத்தன்மையை ஏற்றினால் குவானைனும் தைமினும் புரோட்டானை இழந்து ஜோடி சேர முடியாமல் போகும். அறை வெப்பநிலையிலேயே வேலை முடிந்துவிடும். ஃபார்மமைடு என்ற திரவம், சேர்க்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் உருகுநிலையைச் சுமார் 0.6 டிகிரி குறைக்கும். 50 சதவீதம் சேர்த்தால் 30 டிகிரி இறக்கம். செல்லின் வடிவம் கெடாமல் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனைகளில் இது வரப்பிரசாதம். அமிலமும் பிரிக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். காரங்களையே இழையிலிருந்து கழற்றிவிடும்.

ரொம்ப நேரம் கொதிக்கவைத்தால் டி.என்.ஏ. அழிந்துவிடுமா? மாசு டி.என்.ஏ.வை இப்படி ஒழிக்கலாமா?

ஐந்து நிமிடத்தில் இழைகள் பிரியும், அவ்வளவே. மணிக்கணக்கில் போனால் அடினைனும் குவானைனும் ஒவ்வொன்றாகச் சர்க்கரையிலிருந்து உதிரும், உதிர்ந்த இடத்தில் இழை பலவீனமாகி அறும். நம் உடல் வெப்பநிலையிலேயே இது மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு செல்லில் நாளொன்றுக்குச் சில ஆயிரம் காரங்கள் இப்படி உதிர்கின்றன என்று தாமஸ் லிண்டால் கணித்தார். அதைச் சரிசெய்யும் ஏற்பாடுகளைக் கண்டறிந்ததற்காக 2015-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

மாசை ஒழிக்கும் விஷயத்துக்கு வந்தால், 121 டிகிரி ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கொப்பரை) வைத்து எடுத்தாலும் டி.என்.ஏ. துண்டு துண்டாகுமே தவிர முழுசாக மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. நூறு எழுத்துத் துண்டு ஒன்று மிஞ்சினால் பி.சி.ஆருக்கு அதுவே போதும். மேசையையும் பிப்பெட்டையும் நீர்த்த பிளீச்சால் துடைத்துவிட்டு, பிறகு நல்ல நீரால் ஒருமுறை துடையுங்கள். பிளீச் மிஞ்சினால் உங்கள் டி.என்.ஏ.வையும் விட்டுவைக்காது.